அண்ணி, அந்தப் பொடியைக் கலக்காதீர்கள்

அன்புள்ள அண்ணிக்கு,

போன வாரம் காபிப்பொடி டப்பாவுக்குப் பின்னால் ஒரு பொட்டலத்தைப் பார்த்தேன். உள்ளே என்ன மருந்து என்று அதில் இல்லை. 'குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கவும்' என்று மட்டும் அச்சடித்திருந்தது. அன்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பெயர் சொல்லாமல் இங்கே எழுதுகிறேன். இதே பொட்டலம் இன்னும் எத்தனை அடுப்படியில் இருக்கிறதோ.

இந்த மாதிரிப் பொடியில் டைசல்ஃபிரம் இருக்கலாம். குடியை நிறுத்த டாக்டர்கள் கொடுக்கிற மருந்துதான். ஆனால் ஈரலையும் இதயத்தையும் சோதித்து, சாப்பிடுகிறவரின் சம்மதத்தோடு கொடுப்பது. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் இறங்கும். உயிரே போகலாம். நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அதன் வேகம் இருக்கும். ஏற்கெனவே கலந்திருந்தால் சொல்லிவிடுங்கள், திட்ட மாட்டேன்.

அப்புறம் இன்னொன்று. யார் பேச்சையும் கேட்காத அண்ணன், நீங்கள் போடுகிற சோற்றை மட்டும் மறுபேச்சில்லாமல் சாப்பிடுகிறார். அந்த நம்பிக்கை போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

அறையில் பூட்டிவைக்கலாம் என்று அம்மா சொன்னதும் வேண்டாம். தினமும் குடிக்கிறவர் சட்டென்று நிறுத்தினால் சில நாளுக்குள் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம். நிறுத்துவதையும் டாக்டர் பார்வையில்தான் செய்ய வேண்டும்.

"எனக்கென்ன வியாதியா?" என்று அவர் வர மறுத்தால், நாம் போகலாம் அண்ணி. அமெரிக்காவில் 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், சிகிச்சைக்கு மறுத்தவர்களின் வீட்டாருக்கு மட்டும் பயிற்சி கொடுத்தார்கள். 64 சதவீத வீடுகளில் குடிக்கிறவர் பிறகு சிகிச்சைக்கு வந்தார். பெரிய வித்தை ஒன்றுமில்லை. குடிக்காத நாளில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது, குடித்து வந்தால் ஒதுங்கிக்கொள்வது. 'அவருக்குக் காய்ச்சல்' என்று ஆபீசுக்கு நீங்கள் போன் செய்வதை விட்டுவிடுவது. அவரே மனம் இளகுகிற அன்று கூட்டிப்போக இடத்தைத் தயாராக வைத்திருப்பது.

கை ஓங்கினால் மட்டும் பேச்சே வேண்டாம். பிள்ளைகளோடு என் வீட்டுக்கு வந்துவிடுங்கள், எந்த நேரமானாலும் சரி.

நடுராத்திரியில் மனசு தாங்கவில்லையென்றால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் பேசுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம். வியாழக்கிழமை எனக்கு லீவு. மனநல டாக்டர் ஒருவரைப் பார்க்க நாம் இருவர் மட்டும் போவோம். அந்தப் பொட்டலத்தையும் எடுத்து வாருங்கள், அவரிடம் காட்டிவிடலாம்.

உங்கள் நாத்தனார்