அந்த மூன்று மாதத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது? திருகோணமலை மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பாலையூற்றிலிருந்து எழுதுகிறேன். பழுதான பொருளைப் பற்றி மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு கொடுக்கவேண்டும் என்கிற, ஒரு சட்டத்தின் ஒரேயொரு வரியைத் திருத்தித் தரும்படி கேட்கத்தான் இந்த மடல்.

என் அக்கா நகரத்துக் கடையொன்றில் பிரஷர் குக்கர் வாங்கினார். நாலாவது மாதம், பருப்பு அவிந்துகொண்டிருந்தபோது மூடி கழன்று எகிறியது. கழுத்திலும் வலது கையிலும் கொதிநீர். பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த நாட்களில் நான் உடைந்த குக்கரைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் மிகவும் வருந்தினார். புதியது ஒன்றைத் தந்தார், பழையதை வாங்கி வைத்துக்கொண்டார். அவர் நல்ல மனதோடுதான் செய்தார் என்று நம்புகிறேன். ஆனால் எங்களிடம் இருந்த ஒரே சாட்சி அன்றைக்கே கைவிட்டுப் போனது. அதை என் கையாலேயே கொடுத்தேன் என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

அப்புறம்தான் சட்டத்தைத் தேடினோம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் நல்ல சட்டம். கேட்டால் கடைக்காரர் பற்றுச்சீட்டு தரவேண்டும். உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளென்றால், 13ஆம் பிரிவின்படி அதிகார சபை விசாரித்து, இழப்பீடு கொடுக்கவோ பொருளை மாற்றவோ பணத்தைத் திருப்பவோ கட்டளையிடலாம். ஆனால் முறைப்பாட்டை எழுத்தில், பொருள் விற்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும்.

விற்கப்பட்ட நாளிலிருந்து. காயப்பட்ட நாளிலிருந்து அல்ல. மூடி எகிறிய அன்றைக்கே அக்காவின் தவணை முடிந்திருந்தது.

சாயம் போகும் சேலைக்கு இந்தக் கணக்கு சரி. குக்கரின் ரப்பர் வளையம், காஸ் ரெகுலேட்டர், ஃபோன் பற்றரி எல்லாம் பாவிக்கப் பாவிக்கத்தான் பழுதைக் காட்டும். ஆளைக் காயப்படுத்தக்கூடிய பொருட்களுக்கே இந்தச் சட்டம் கதவை முதலில் சாத்துகிறது.

நீதிமன்றம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. காயத்துக்கு நட்டஈடு கேட்டு வழக்குப் போட இரண்டு வருடம் உண்டு. ஆனால் ஒல்லாந்தர் காலத்திலிருந்து வந்த நமது பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டப்படி, செய்தவரின் கவனயீனத்தை வழக்காளிதான் நிரூபிக்கவேண்டும். வெளிநாட்டுத் தொழிற்சாலையில் என்ன நடந்தது என்று மூதூரிலோ குச்சவெளியிலோ இருக்கும் ஒரு பெண் எப்படி நிரூபிப்பார்? இந்தியா 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் குறைபாடுள்ள பொருளுக்கு உற்பத்தியாளரின் பொறுப்பை வரையறுத்து, முறைப்பாட்டுக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் கொடுத்திருக்கிறது.

2021 கடைசியில் நாடெங்கும் சமையலறைகளில் எரிவாயு வெடித்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அப்போது குழு அமைத்தார்கள். ஆனால் ஒரு வீட்டில் மட்டும் நடந்தால் குழு வராது. வழக்கில் நிரூபிக்க வழியில்லாத அந்த வீட்டுக்கு இருப்பது 13ஆம் பிரிவு மட்டும்தான்.

காயம் ஏற்பட்டால் தவணையைக் காயப்பட்ட நாளிலிருந்து எண்ணும்படி அந்தப் பிரிவைத் திருத்தக் கேளுங்கள். மூன்று மாதம் போதாது, ஒரு வருடமாவது வேண்டும். தீக்காயக்காரர் முதல் மூன்று மாதமும் கட்டு மாற்றுவதிலேயே இருப்பார். பழுதான பொருளைக் கடைக்காரர் திருப்பி வாங்கினால் அதற்கு எழுத்தில் சீட்டுத் தரவேண்டும் என்பதையும் சேருங்கள்.

கட்சி பார்க்காமல் உங்கள் எல்லோரிடமும் கேட்கிறேன். நீங்கள் கூப்பிட்டால் அக்கா தன் ஆஸ்பத்திரித் துண்டுகளோடு வந்து பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
பாலையூற்று வாசி ஒருவர்