வலக்கை வேலை, இடக்கை ராஜ்ஜியம்

கும்பகோணம்
மாசி

அடியே மைதிலி,

திட்டுவதையெல்லாம் திட்டி முடித்துவிட்டு மேலே படி. பொங்கல் வாழ்த்துக்கே பதில் போடாதவள் திடீரென்று பக்கம் பக்கமாக எழுதுகிறாள் என்றால் காரணம் இல்லாமலா? வருகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். மற்றவர்கள் சௌக்கியம். நம்ம ஜோசியர் சொன்ன சிங்கப்பூர் யோகம் எனக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அண்ணன் மகன் கதிர், லீவுக்கு வந்த இடத்தில் என்னை வீடியோ கேம் ஆட உட்கார்த்திவிட்டான். சிரிக்காதே. நான் சைக்கிள் ஓட்டின லட்சணம் உனக்குத் தெரியும், இதிலும் எல்லாச் சுவரிலும் முட்டினேன். சுடுகிற கேம் இல்லையடி, கதை சொல்வதற்காகவே செய்கிறவை.

2013இல் வந்த ‘பிரதர்ஸ்’ என்று ஒன்று. அண்ணனும் தம்பியும் நோயாளி அப்பாவுக்கு மருந்து தேடிப் போகிறார்கள். அவர்கள் பேசுவது எந்த நாட்டு மொழியும் இல்லை, ஆனாலும் புரிகிறது. கன்ட்ரோலரின் இடப்பக்கம் அண்ணனுக்கு, வலப்பக்கம் தம்பிக்கு. தம்பிக்குத் தண்ணீர் என்றால் பயம். அண்ணன் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் கடப்பான். வழியில் அண்ணன் செத்துப்போகிறான். திரும்பி வரும்போது குறுக்கே தண்ணீர். தம்பியின் பட்டனை அழுத்து அழுத்தென்று அழுத்துகிறேன், கரையிலேயே நிற்கிறான். கடைசியில், சும்மா கிடந்த இடக்கையால் அண்ணனின் பட்டனை அழுத்தினால் தம்பி நீந்துகிறான்! யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விரலுக்குத்தான் முதலில் புரிந்தது. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

கதிருக்கு இது போதாது. ஆடி முடித்த கையோடு, ‘கதையின் உண்மையான அர்த்தம்’ என்று யூடியூபில் யாரோ பேசுவதைப் போட்டுவிடுவான். கடல் என்றால் துக்கம், இருட்டு என்றால் மனச்சோர்வு. என் வகுப்பும் அதே கதைதான். கழனி ஓரத்து மாமரத்துப் பழம் நழுவி விழ, குளத்து வாளைமீன் கவ்வுகிற மருதப் பாட்டு உனக்கு ஞாபகம் இருக்கும். உள்ளே மறைந்திருக்கும் உள்ளுறைப் பொருள் என்ன என்று கேட்டால் ‘பழம் தலைவன், வாளை பரத்தை’ என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். வாளை எட்டிக் குதிக்கவில்லை, பழம் தானே விழுந்தது என்று பாட்டில் பேசுகிற அந்தப் பரத்தையே குத்துகிறாளே, அது எந்த விடைத்தாளிலும் வருவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். 2017இல் வந்த ‘வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபின்ச்’. ஒரு குடும்பத்தில் யார் யார் எப்படிச் செத்தார்கள் என்று, மிஞ்சிய பெண் பழைய வீட்டில் அறை அறையாகப் போய்த் தெரிந்துகொள்கிறாள். அதில் லூயிஸ் என்ற பையனுக்கு மீனை டின்னில் அடைக்கிற ஆலையில் வேலை. வலக்கையால் நாம் மீனை எடுத்துக் கத்திக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். எடு, வெட்டு, தள்ளு. அவன் மனசுக்குள் ஓடுகிற ராஜ்ஜியம் ஒன்று திரையில் சின்னதாக முளைக்கும், இடக்கையால் அதில் நடக்கவேண்டும். அது ஊர், கப்பல் என்று பெரிதாகிக்கொண்டே போய் ஆலையை மறைத்துவிடுகிறது. மீன் மட்டும் வருவது நிற்பதில்லை. கொஞ்ச நேரத்தில் என் வலக்கை தன்பாட்டுக்கு வெட்டுகிறது, எனக்கு நினைவே இல்லை! முடிசூட்டிக்கொள்ளப் போகிறவன் கத்திக்கடியில் தலை குனிகிறான். இதெல்லாம் அவனுடைய மனநல மருத்துவர் அவன் அம்மாவுக்கு எழுதுகிற கடிதமாக வருகிறது. எல்லாம் முடிந்த பிறகு எழுதுகிற கடிதம்.

‘எந்திர வாழ்க்கையின் குறியீடு’ என்று யூடியூப்காரர் ஒரு வரியில் முடித்துவிட்டார். முடிக்கட்டும்.

போன வாரம் சித்தப்பா நெல் போட்டிருந்தார் என்று பாபநாசம் பக்கம் ஒரு கொள்முதல் நிலையத்துக்குப் போனேன். அங்கே உன் தம்பி பாபு சாக்குத் தைத்துக்கொண்டிருக்கிறான். 40 கிலோ மூட்டை தராசிலிருந்து இறங்க இறங்க, வாயைத் தைத்துத் தள்ளுகிறான். காதில் இயர்போன், முகத்தில் ஒரு சிரிப்பு. பக்கத்தில் நின்று கூப்பிட்டும் திரும்பவில்லை. தோளைத் தொட்ட பிறகு “அக்கா, எப்ப வந்தீங்க?” என்றான். கை நிற்கவில்லை. முன்பெல்லாம் என்னைக் கண்டதும் ‘சைக்கிள் டீச்சர்’ என்று வம்புக்கு இழுப்பவன்.

மீனும் சாக்கும் ஒன்று என்று எழுதினால் என் மாணவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவன் பாட்டை ரசித்துக்கொண்டிருந்திருக்கலாம். காதலிகூட இருக்கலாம், இருந்தால் எனக்கு முதலில் சொல். ஆனால் அந்தக் கேமை ஆடாமல் இருந்திருந்தால், பிள்ளை சந்தோஷமாக இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு வந்திருப்பேன். இப்போது முடியவில்லை.

நீ அக்கா, நீ பேசு. இன்ஜினியரிங் படித்ததைப் பற்றி வாயே திறக்காதே, மூன்று வேளையும் உங்கம்மா அதைத்தான் ஓதுகிறார். காதில் என்னடா ஓடுகிறது என்று மட்டும் கேள். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. கொள்முதல் முடிந்ததும் இங்கே அனுப்பு. கதிர் மறுபடி வருகிறான், இரண்டு பேரும் ஆடட்டும், நான் டிபன் பார்த்துக்கொள்கிறேன். இதற்கு வாட்ஸ்அப்பில் ‘ஓகே’ என்று பதில் வந்தால் கொன்றுவிடுவேன்.

உன்
சாந்தி