ஆண்டறிக்கை: ஜூலை மழையும் நம் ஆஷ்காஷ் பயணமும்

நம் விமானச் சங்க உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாகத் தருகிறார். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன, பனி கொட்டிய மாதங்களில் மட்டும் ஆன்லைனில். ஹேங்கர் (விமானக் கொட்டகை) வாடகை கொஞ்சம் ஏறியிருக்கிறது. அவ்வளவுதான், மற்றபடி இந்த ஆண்டு நாம் பேசித் தீர்க்க வேண்டியது ஜூலையைத்தான்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: விஸ்கான்சின் மாநிலத்தில் ஆஷ்காஷ் ஊரின் விட்மன் விமான நிலையத்தில் ஜூலைக் கடைசியில் ஒரு வாரம் ஏர்வெஞ்சர் என்ற விமானத் திருவிழா நடக்கும். அங்கும் சுற்றியுள்ள நிலையங்களிலுமாக 10,000 விமானங்களுக்கு மேல் வந்து இறங்கும். நம்மைப் போன்ற சின்ன விமானக்காரர்கள் ரிப்பன் என்ற ஊருக்கு மேலே வரிசை பிடித்து, ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டே ஃபிஸ்க் என்ற ஊர் வரை 1,800 அடி உயரத்தில், 90 நாட் (மணிக்குச் சுமார் 167 கி.மீ.) வேகத்தில், அரை மைல் இடைவெளி விட்டு ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும். ஃபிஸ்கில் தரையில் இருக்கும் கட்டுப்பாட்டாளர் விமானத்தின் நிறத்தைச் சொல்லிக் கூப்பிடுவார், பதில் பேசாமல் இறக்கையை ஆட்டிக் காட்டினால் போதும். எல்லாமே கண்ணால் பார்த்துப் பறக்கிற ஏற்பாடு என்பதால் மேகம் தாழ்ந்துவிட்டால் வரிசையும் நின்றுவிடும்.

நாம் கிளம்ப வைத்திருந்த சனிக்கிழமை அதுதான் நடந்தது. ஜூலையில் அந்தப் பக்கம் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று ஏறி வரும், பத்தாததற்குச் சோளக்காடுகள் விடும் ஈரமும் சேரும், வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கினால் ராத்திரியில் மின்னசோட்டா பக்கம் கிளம்பிய இடிமழை விடியற்காலையில் நம் வழியில் வந்து நிற்கும். மதியம் வானம் தெளிந்ததே, அப்போதே போயிருக்கலாமே என்று சிலர் ஆகஸ்ட் கூட்டத்தில் கொஞ்சம் சூடாகவே கேட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2018-இல் வார இறுதி முழுக்க வானிலை அடைத்துக்கொண்டு, திறந்ததும் காத்திருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் ரிப்பனுக்கு வந்து, மணிக்கணக்கில் வட்டமடித்து, பெட்ரோல் குறைந்து, கடைசியில் பலர் வேறு நிலையங்களுக்குத் திரும்பினார்கள். மழையை விட, மழை விட்ட முதல் சில மணி நேரம்தான் அங்கே ஆபத்து. பைலட்டுகள் ஞாயிறு மாலை பக்கத்து ஊரான ஃபாண்டுலாக்கில் இறங்கி, அங்கிருந்து காரில் வந்து சேர்ந்தார்கள். சரியாகத்தான் செய்தார்கள்.

டேப்லெட்டில் வரும் ரேடார் படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் "5 நிமிடம் முன்" என்று போட்டிருந்தாலும் உள்ளே இருக்கும் மழை 15, 20 நிமிடம் பழையதாக இருக்கலாம். அதை வைத்து இரண்டு இடிமேகங்களுக்கு நடுவே புகுந்து போகலாம் என்று கணக்குப் போடாதீர்கள். மழையை மொத்தமாகச் சுற்றிப் போகத்தான் அந்தப் படம்.

இந்த முறை பைலட்டுகளால் நிதானமாக முடிவெடுக்க முடிந்ததற்குக் காரணம், கூடாரம், அடுப்பு, புளிசாதப் பாத்திரம் எல்லாமே காரில் போனதுதான். விமானத்தில் யாருடைய படுக்கையும் இல்லை, அதனால் "எங்கே இருக்கிறீர்கள்" என்று அவசரப்படுத்தும் போனும் இல்லை. போன வருடங்களில் எல்லாச் சாமானும் விமானத்தில்தான் போகும், கூடவே அந்த நெருக்கடியும். போதாக்குறைக்கு எடை வேறு. 32 டிகிரி வெயிலில் காற்று லேசாகிவிடுவதால், கடல் மட்டத்திலிருந்து 808 அடி உயரத்தில் இருக்கும் ஆஷ்காஷ், இன்ஜினுக்கும் இறக்கைக்கும் கிட்டத்தட்ட 3,000 அடி உயரம்போல ஆகிவிடும். திரும்பும்போது நிறைய சாமானோடு கிளம்பியவர்களுக்கு இது தெரியும்.

தரை விஷயத்தில் நாம் இன்னும் அலட்சியம்தான். 2010-இல் நிகழ்ச்சி தொடங்கும் முன்பே பெய்த மழையில் புல்தரை சேறாகி, விமானங்களை நிறுத்த இடமில்லாமல் திருப்பி அனுப்பினார்கள். 2019-இலும் தொடக்கத்தில் சேறுதான். ஃபுளோரிடாவின் லேக்லேண்டில் நடந்த இதேபோன்ற விமானத் திருவிழாவில் 2011 மார்ச் 31-இல் சுழல்காற்று அடித்து 40-க்கும் மேற்பட்ட விமானங்கள் சேதமாயின. அங்கே மணல், இங்கே ஈரமண், விமானத்தைக் கட்டி வைக்க இரண்டிலும் சின்ன முளை பிடிக்காது. சாய்த்து அடிக்கும் எஃகு முளைகளைச் சங்கம் வாங்கியிருக்கிறது, ஹேங்கர் அலமாரியில் இருக்கின்றன, எடுத்தவர்கள் திரும்ப வைக்கவும் (இன்னும் ஒரு செட் வரவில்லை). கயிறு உங்களுடையது. துணி காயப்போடும் பிளாஸ்டிக் கயிறு வேண்டாம், தயவுசெய்து.

செயற்குழு எடுத்த முடிவு: அடுத்த ஆண்டு "எல்லோரும் சனிக்கிழமை" என்ற அறிவிப்பு கிடையாது. வெள்ளி முதல் செவ்வாய் வரை எப்போது வானம் விடுகிறதோ அப்போது, போவதா வேண்டாமா என்பது பைலட் முடிவு, அதைக் கூட்டத்தில் யாரும் கேள்வி கேட்பதில்லை. சாமான் காரில்தான். விமானம் போய்ச் சேராவிட்டாலும் பெட்ரோல் செலவைப் பங்கு போடுவதா என்பது மட்டும் முடிவாகவில்லை, பொதுக்குழுவில் வாக்கெடுப்புக்கு வைக்கிறோம். கார் ஓட்ட முன்வருபவர்கள் மே மாதத்துக்குள் என்னிடம் பெயர் கொடுங்கள். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் அதையும் கையோடு கொண்டு வந்தால் பொருளாளர் மகிழ்வார்.

செயலாளர்