குஸ்தாவ் அடோல்ஃபின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறவர்களுக்கு

அன்புள்ள ஆயர் ஐயாமார்களுக்கும் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கும்,

சீர்திருத்தத் திருநாளை ஒட்டி லுத்தரைப் பற்றிப் பேசும்போது, சிலர் சுவீடன் ராஜா குஸ்தாவ் அடோல்ஃபையும் சேர்த்துச் சொல்வதுண்டு. விசுவாசத்தைக் காக்கக் கடல் தாண்டி வந்து உயிரைக் கொடுத்த ராஜா என்று. அப்படிச் சொல்கிறவர்களுக்குத்தான் இந்த மடல்.

அவர் பெரிய வீரர், சந்தேகமில்லை. முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1629-ல், ஜெர்மன் நாடுகளின் கத்தோலிக்கப் பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாண்ட், 1552-க்குப் பிறகு புராட்டஸ்டண்டுகள் கைக்குப் போன திருச்சபைச் சொத்துகளையெல்லாம் கத்தோலிக்கருக்கே திருப்பிக் கொடுக்கச் சொல்லி ஆணையிட்டார். எதிர்த்து நிற்க ஆளில்லை. நம் தரங்கம்பாடியில் டேனியர் கோட்டை எழுந்த காலத்து டென்மார்க் ராஜா நான்காம் கிறிஸ்தியானும் அதற்குள் தோற்று ஒதுங்கிவிட்டார். அந்த நேரத்தில், 1630-ல், ஏறக்குறைய 13,000 வீரர்களோடு குஸ்தாவ் ஜெர்மனிக் கரையில் இறங்கினார். அடுத்த ஆண்டு பிரைட்டன்ஃபெல்டில் பேரரசர் படையை அவர் ஜெயித்திராவிட்டால் வட ஜெர்மனியில் எத்தனை லுத்தரன் சபைகள் மிஞ்சியிருக்கும் என்று சொல்வது கஷ்டம்.

ஆனால் அந்தப் படைக்குப் பணம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் யார்? பிரான்சின் முதலமைச்சர் ரிஷெலியூ. கத்தோலிக்கக் கர்தினால்! 1631 ஜனவரியில் போட்ட ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 4,00,000 தாலர் என்ற வெள்ளி நாணயம். பேரரசரின் ஹாப்ஸ்பர்க் வம்சத்தை அடக்குவது பிரான்சுக்கு வேண்டியிருந்தது; பால்டிக் கடற்கரை சுவீடனுக்கு வேண்டியிருந்தது. ராஜாவின் பக்தி உண்மையானதுதான். அதோடு இந்தக் கணக்கும் இருந்தது, அதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம்.

அதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. வட சுவீடனில் பிக்டியோ என்றொரு ஊர். 1621-க்கும் 1639-க்கும் இடையே அங்கிருந்து 230 ஆண்கள் போலந்துப் போருக்கும் ஜெர்மானியப் போருக்கும் போனார்கள். 215 பேர் அங்கேயே செத்தார்கள், பெரும்பாலும் சண்டையில் இல்லை, முகாம்களில் நோய் வந்து. இன்னும் 5 பேர் ஊனமாகி ஊர் திரும்பினார்கள். 15 வயது தாண்டிய ஆண்களின் பெயர்ப் பட்டியலை எழுதித் தர வேண்டிய பொறுப்பு, சுவீடன் முழுக்கவே, ஊர் ஆயர்களுக்கு இருந்தது. ஞானஸ்நானம் கொடுத்த பையனின் பெயரை அதே கையால் படைக்கு எழுதிக் கொடுத்த ஆயரை நினைத்துப் பாருங்கள், ஐயா.

ராஜாவும் பாதுகாப்பான இடத்தில் நின்று உத்தரவு போட்டவர் இல்லை. 1632 நவம்பரில் ஜெர்மனியின் லூட்சன் களத்தில், மூடுபனியில், தன் குதிரைப்படையை விட்டு விலகி எதிரிகள் நடுவே மாட்டிக்கொண்டு உயிரை விட்டார். முன்பு தோளில் பாய்ந்த குண்டின் வலியால் இரும்புக் கவசம் போட முடியாமல், காட்டுமான் தோல் சட்டைதான் அணிந்திருந்தார். அந்தச் சட்டை துளைகளோடு இன்றும் ஸ்டாக்ஹோமில் இருக்கிறது. அப்போது மகள் கிறிஸ்டினாவுக்கு ஆறு வயதுகூட நிரம்பவில்லை. ராஜா போன பிறகும் போர் 16 ஆண்டுகள் நீண்டது. சுவீடன் படையும் மற்றப் படைகளைப் போலவே ஊர் ஊராகச் சூறையாடியது. அதில் லுத்தரன் ஊர்களும் தப்பவில்லை.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை இவரைப் பற்றிப் பாடம் எழுதும்போது, ரிஷெலியூவின் பணத்துக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். பிக்டியோ ஊருக்கு இரண்டு பத்தி ஒதுக்குங்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் கேள்வி கேட்டால், நேரமாகிவிட்டது என்று மணி அடித்துவிடாதீர்கள்.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் சபையார் ஒருவர்