அதிகாலை ரியூசனும் பிள்ளைகளின் நித்திரையும்

ஆசிரியருக்கு,

"பெடியன் விடிய எழும்புறானில்லை" என்பது பெற்றோர் கூட்டங்களில் ஓயாமல் கேட்கும் முறைப்பாடு. போர்வையை இழுப்பதும் முகத்தில் தண்ணீர் தெளிப்பதும் ஏச்சும் எங்கும் நடக்கின்றன. பிள்ளையைச் சோம்பேறி என்று முடிவுகட்டுமுன் சில விடயங்களைப் பெற்றோர் அறிய வேண்டும்.

பருவ வயதில் உடலின் கடிகாரம் ஒன்று முதல் இரண்டு மணித்தியாலம் பிந்திப் போகிறது. உடலை நித்திரைக்கு ஆயத்தப்படுத்தும் மெலற்றோனின் என்ற ஓமோன் இரவில் தாமதித்தே சுரக்கத் தொடங்கும். எட்டு வயதில் எட்டரைக்கே சாய்ந்த பிள்ளைக்குப் பதினாறில் பத்தரை வரை கண் சொருகாது. ஆனாலும் 13 தொடக்கம் 18 வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணித்தியால நித்திரை வேண்டும். இதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014 இல் இந்த வயதினரின் பாடசாலை காலை 8.30 க்கு முன் தொடங்கக் கூடாதென்றது. கலிபோர்னியாவில் உயர்நிலைப் பாடசாலைகளுக்கு 2022 முதல் அதுவே சட்டம். எங்கள் பாடசாலை மணி 7.30 க்கு அடிக்கிறது. அதை மாற்றுவது கொழும்பின் கையில். அதற்கு முன்னும் பின்னும் நடப்பவை எங்கள் கையில்.

மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ உட்கிராமத்துப் பிள்ளை 5.30 ரியூசனுக்குப் போக 4.30 க்கு எழும்ப வேண்டும். பின்னேர வகுப்பு ஏழரைக்கு விட, சைக்கிளில் வீடு சேர எட்டு. குளித்து, சாப்பிட்டு, வீட்டுவேலை எழுதி முடியப் பதினொன்று. மிஞ்சுவது ஐந்தரை மணித்தியாலம். கனவு காணும் நித்திரை விடியப்புறத்தில்தான் நீளும். படித்தது மனதில் பதிவதில் அதற்கும் பங்குண்டு. அதிகாலை வகுப்பு வெட்டியெறிவது அந்தப் பகுதியையே. தை மாதக் கடைசியில் இங்கே சூரியன் உதிக்க ஆறரை ஆகும். யானை நடமாடும் வீதிகளில் அந்த இருட்டுக்குள் பிள்ளை சைக்கிள் உழக்குகிறது.

"ஒன்பதுக்குப் படு" என்று கட்டளையிட்டால் பிள்ளை பாயில் புரண்டுகொண்டு கிடக்கும். முதலில் எழும்பும் நேரத்தைப் பிடியுங்கள், படுக்கும் நேரம் தானாகப் பின்னால் வரும். தவணை தொடங்க இரு வாரம் இருக்கும்போதே, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னுக்கு எடுங்கள். ஒரேயடியாக இரண்டு மணித்தியாலம் இழுத்தால் உடம்பு கேட்காது. வெளிச்சம் வந்ததும் பிள்ளை 15, 20 நிமிடம் வெளியே நிற்கட்டும்: பல் விளக்கலாம், கிணற்றடியில் முகம் கழுவலாம், முற்றம் கூட்டலாம். மாரி மப்பு நாளிலும் முற்றத்து வெளிச்சம் அறை மின்குமிழைவிடப் பல மடங்கு. அது கண்ணில் பட்டால்தான் இரவில் மெலற்றோனின் முந்திச் சுரக்கும். எழும்பி அரை மணித்தியாலம் வரை மந்தமாக இருப்பது இயல்பு. அந்த நேரம் ஏச வேண்டாம்.

பல வீடுகளில் கோளாறே போனில் வைக்கும் அலாரம்தான். அலாரத்துக்கென்று தலையணைக்கடியில் போகும் போன், பன்னிரண்டு வரை பிள்ளையை விழித்திருக்க வைக்கிறது. பற்றறியில் ஓடும் சின்ன மணிக்கூடு ஒன்று வாங்கி, கை எட்டாத யன்னல் கட்டில் வையுங்கள். போன் ஒன்பது மணியோடு அம்மாவின் அறையில் சார்ஜில் கிடக்கட்டும். அலாரத்தை அமத்தி அமத்திப் படுக்கும் அரை மணித்தியாலம் துண்டு துண்டான நித்திரை, களைப்பைப் போக்காது.

படிக்கிற பிள்ளைக்கு இரவில் தேநீர் ஊற்றிக் கொடுக்கும் அம்மாமாரே, தேநீரிலுள்ள, நித்திரையைக் கலைக்கும் கபீனின் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் செல்லும். எட்டு மணிப் பிளேன்ரீ நள்ளிரவு தாண்டியும் வேலை செய்யும். பின்னேரம் நாலுக்குப் பிறகு கொடுக்காதீர்கள். பாடசாலை விட்டு வந்து சாப்பிட்டபின் 20, 30 நிமிடம் சரியலாம். இரண்டு மணித்தியாலம் கிடக்க விட்டால் இரவு நித்திரை பிந்தும். ஞாயிறு பத்து மணிவரை படுக்கும் பிள்ளையைத் திங்கள் எழுப்புவது பெரும்பாடு. வழமையைவிட ஒரு மணித்தியாலம் கூட விட்டால் போதும்.

ஒன்பது மணித்தியாலம் படுத்தும் எழும்ப முடியாத, பலத்த குறட்டை விடும், முகம் வெளிறிய பிள்ளையை வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். பெண்பிள்ளைகளிடம் இரும்புச்சத்துக் குறைவு அடிக்கடி இருக்கும். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

கிளிநொச்சி, துணுக்காய், முல்லைத்தீவுப் பக்கத்துக் கல்வி அதிகாரிகளிடமும் ரியூசன் நடத்துவோரிடமும் நாம் கேட்பது: பாடசாலை நாட்களில் காலை வகுப்பு வேண்டாம், பின்னேர வகுப்பு ஆறரைக்குள் முடியட்டும். எல்லாரும் ஒரே நாளில் நிறுத்த வேண்டும். ஒரு நிலையம் மட்டும் நிறுத்தினால் பிள்ளைகள் அடுத்த நிலையத்துக்குப் போய்விடுவார்கள் என்ற பயத்தில்தான் எவரும் முன்வருவதில்லை. அந்த 5.30 பாடங்களைச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வைக்கலாம்.

உயிரியல் ஆசிரியர்கள் சிலர்,
கிளிநொச்சி.