நேரில் உட்கார வைத்து கேரிகேச்சர் வரையும் கலைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஓவியர்களுக்கு,

வணக்கம். விழாக்களில் ஓர் ஓரமாக நாற்காலி போட்டு, வருகிறவர்களை ஐந்து நிமிடம் உட்கார வைத்து, முகத்தை வேடிக்கையாக மிகைப்படுத்தி வரைந்து கொடுக்கிறீர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

என் அக்கா மகளுக்கு அப்போது 11 வயது. ஆசையாகப் போய் உட்கார்ந்தாள். அவளுக்கு முன்பற்கள் இரண்டும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், முகமும் நீளவாக்கு. வரைந்தவர் திறமைசாலி, அதில் சந்தேகமே இல்லை. நாலைந்து இழுப்பில் ஒரு குதிரையைக் கொண்டுவந்துவிட்டார். அது குதிரையாகவும் இருந்தது, அவளாகவும் இருந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவளும் சிரிக்கத்தான் ஆரம்பித்தாள், பாதியில் கை வாய்க்குப் போய்விட்டது. இப்போது அவளுக்கு 16 வயது. சிரிப்பு வந்தால் இன்னும் கைதான் முதலில் வாய்க்குப் போகிறது.

மனித முகத்தில் விலங்கைப் பார்க்காமல் இருக்க யாராலும் முடியாது. சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டிலேயே நமக்கு இரண்டு கண்ணும் ஒரு வாயும் தெரிந்துவிடுகிறது. நாய், குதிரை, குரங்கு, நாம் எல்லோருக்கும் மேலே கண், நடுவில் மூக்கு, கீழே வாய். முகத் தசைகளை அசைக்கும் நரம்பும் நம் எல்லோருக்கும் ஒன்றேதான். அதனால் சாயல் தெரிவது இயல்பு. ஆனால் அதைச் சொல்லும் விதத்தில்தான் எத்தனை வித்தியாசம்! மான்விழி என்றால் முகம் மலர்ந்துபோகும், ஆந்தை முழி என்றால் சுருங்கிப்போகும். இரண்டுமே பெரிய கண்கள்தானே?

உங்கள் கைக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு, அதில் நல்லதும் கெட்டதும் கலந்தே இருக்கிறது. இத்தாலியரான டெல்லா போர்ட்டா 1586-இல் மனிதத் தலையையும் விலங்கின் தலையையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டு, சிங்கச் சாயல் உள்ளவனுக்குச் சிங்கத்தின் குணமும் இருக்கும் என்று எழுதினார். பிரெஞ்சு அரசவை ஓவியர் லெ ப்ருன் ஆந்தை மனிதன், ஒட்டக மனிதன் என்று வரைந்து தள்ளினார். பார்க்கப் பார்க்க அலுக்காத படங்கள் அவை. அப்புறம் 18-ஆம் நூற்றாண்டில் டச்சு மருத்துவர் காம்பர், நெற்றிக்கும் தாடைக்கும் இடையே கோடு போட்டுக் கோணம் அளந்து, குரங்கு, ஆப்பிரிக்கர், ஐரோப்பியர், கிரேக்கச் சிலை என்று வரிசையாக வைத்தார். மனிதர் எல்லோரும் ஒரே மூலத்திலிருந்து வந்தவர்கள் என்று நம்பியவர்தான் அவர். பின்னால் வந்தவர்கள் அந்த வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டு, யார் உயர்ந்தவர், யார் தாழ்ந்தவர் என்று சொல்லப் பயன்படுத்தினார்கள். 1871-இல் ஓர் ஆங்கிலப் பத்திரிகை டார்வினின் தலையை ஒராங்குட்டான் என்ற வாலில்லாக் குரங்கின் உடம்பில் பொருத்தி வரைந்தது. மனிதனும் குரங்கும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவர்கள் என்ற அவருடைய கருத்தோடு நடந்த சண்டை அது, போகட்டும். ஆனால் அதே காலத்தில் லண்டன் பத்திரிகைகள் ஐரிஷ் மக்களைக் குரங்கு முகத்தோடு வரைந்துகொண்டிருந்தன, ஒரு மக்கள் கூட்டத்துக்கே ஒரே முகம். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நானும் கொஞ்சம் வரைகிறவள். என் அப்பா யாராவது பேசுவதைக் கவனமாகக் கேட்கும்போது இரண்டு புருவங்களின் உள்முனை மட்டும் மேலே ஏறும், நெற்றி நடுவில் ஒரு சின்ன மடிப்பு விழும். எங்கள் நாயும் அப்படியேதான் பார்க்கும். நாய்களுக்கு அந்த இடத்தைத் தூக்குவதற்கென்றே ஒரு தசை நன்றாக வளர்ந்திருக்கிறது, ஓநாய்களிடம் அது பேருக்குத்தான் இருக்கிறது என்று 2019-இல் வந்த ஓர் ஆய்வில் படித்தபோது, எங்கள் வீட்டுக் கதையைப் படிப்பதுபோல இருந்தது. இருவரையும் ஒரே தாளில், ஒரே புருவத்தோடு வரைந்தேன். அப்பாவின் மூக்கையோ காதையோ நான் இழுத்து நீட்டவில்லை. படத்தை வெகுநேரம் பார்த்தார், அப்புறம் தன் மேசைக்கு மேலே ஒட்டிக்கொண்டார்.

உங்களிடம் கேட்பது இதைத்தான். பல், மூக்கு, காது, நிறம் எல்லாம் பிறந்தபோதே வந்தவை, அவற்றை அந்தப் பிள்ளை எங்கே கொண்டுபோய் வைக்கும்? ஒருவர் தன் முகத்தை எப்படியெல்லாம் அசைக்கிறார் என்று இரண்டு நிமிடம் கூடுதலாகப் பாருங்கள். எதிரே உட்கார்ந்திருப்பது சிறு பிள்ளை என்றால், "விலங்காக வரையட்டுமா? எந்த விலங்கு?" என்று கேட்டுவிடுங்கள். பதில் சட்டென்று வரும். வேண்டாம் என்று தலையாட்டினால் விட்டுவிடுங்கள். ஓர் இனத்துக்கோ சாதிக்கோ ஊருக்கோ சேர்த்து ஒரே விலங்கு முகம் கொடுக்கச் சொல்லி யாராவது காசு நீட்டினால், தயவுசெய்து பென்சிலைக் கீழே வைத்துவிடுங்கள்.

என் அக்கா மகள் மறுபடியும் உங்களில் ஒருவர் முன்னால் வந்து உட்காரக்கூடும். அவளிடம் நம்ப முடியாத ஏதாவது ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒரு கண்ணை மட்டும் உங்கள் பக்கம் திருப்பி, சிட்டுக்குருவி பார்ப்பதுபோலப் பார்ப்பாள். அந்த நேரத்தில் வரைந்துகொள்ளுங்கள்.

அன்புடன்,
அவளுடைய சித்தி