விழுந்த பிறகு ஜெபிக்கக் கூசும் மகளுக்கு

பிரியமான மகளுக்கு,

அதே பாவத்தில் மறுபடி விழுந்ததால் ஜெபிக்கவே கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். வேதாகமத்தில் ரோம சபைக்குப் பவுல் எழுதிய நிருபம், அதாவது ரோமர், 6-ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இதை வாசி.

முதல் பத்து வசனங்களில் நீ செய்யவேண்டியது எதுவுமே இல்லை, பார். 'பாவத்துக்கு மரித்த நாம்', 'சிலுவையில் அறையப்பட்டது' என்று எல்லாம் நடந்து முடிந்த செய்திதான். 11-ஆம் வசனத்தில்தான் 'எண்ணிக்கொள்ளுங்கள்' என்று வருகிறது. இந்த நிருபத்தில் வாசிக்கிறவர்களைப் பார்த்துப் பவுல் இடும் முதல் கட்டளையே அதுதான். கிரேக்கத்தில் அது கணக்கெழுதுகிறவர்களின் சொல். ஆபிரகாமுக்கு விசுவாசம் நீதியாக 'எண்ணப்பட்டது' என்பதும் அதே சொல்; 4-ஆம் அதிகாரத்தில் மட்டும் 11 முறை வருகிறது. ஆக, செத்ததுபோல் பாவனை செய்யச் சொல்லவில்லை. வரவு வந்துவிட்டது, பேரேட்டில் ஏற்று என்கிறார். மனதுக்குத் தோன்றட்டும், பிறகு ஏற்றலாம் என்று காத்திருந்தால் அந்தப் பக்கம் வெறுமையாகவே கிடக்கும்.

6-ஆம் வசனத்தில் பாவசரீரம், அதாவது பாவத்துக்கு அடிமையாயிருந்த நம் சரீரம், 'ஒழிந்துபோகும்பொருட்டு' என்றிருக்கிறதே, அந்த மூலச்சொல்லுக்குச் செல்லாததாக்குவது, செயலிழக்கச் செய்வது என்று பொருள். அதனால் இச்சை தலைகாட்டுகிறது என்பதற்காக நீ விடுதலையாகவில்லை என்று ஆகாது. பழைய எஜமான் வாசலில் நின்று கூப்பிடுவான். எழுந்து போகிற கடமை உனக்கில்லை.

13-ஆம் வசனம் அவயவங்களை ஒப்புக்கொடுக்கச் சொல்கிறது. 'என்னை அர்ப்பணிக்கிறேன்' என்று மொத்தமாகச் சொல்லி எழுந்துவிடாதே. வழுக்குகிற இடம் எதுவோ அதைப் பேர் சொல்லிக் கொடு: இந்த நாக்கு, இந்தக் கண், ராத்திரியில் போனைத் தேடுகிற இந்த விரல்.

விழுந்துவிட்டால் 1 யோவான் 1:9-ஐ எடு; பாவங்களை அறிக்கையிட்டால் தேவன் மன்னிப்பார் என்கிற வசனம் அது. அறிக்கையிடுவது என்பதற்கு மூலத்தில் 'அதையே சொல்லுதல்' என்று அர்த்தம். தேவன் அதை என்னவென்கிறாரோ அப்படியே நாமும் சொல்வது. 'தெரிந்தும் தெரியாமலும் செய்த பாவங்கள்' என்ற வாக்கியத்துக்குள் ஒளிந்துகொள்வது சுலபம். யாரிடம், என்ன பொய், எதற்காக என்று சொல். அன்றைக்கே சொல். மூன்று நாள் ஒதுங்கியிருந்துவிட்டு வருவது தாழ்மை மாதிரி தெரியும். சிலுவையில் தீர்ந்த கடனுக்கு நீ தவணை கட்டப் பார்க்கிறாய், அவ்வளவுதான்.

யாருக்காவது நஷ்டம் வந்திருந்தால் திருப்பிக் கொடு. எண்ணாகமம் 5:7-இன்படி முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கவேண்டும். வரி வசூலித்த சகேயு, ஏமாற்றி வாங்கியிருந்தால் நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, தருகிறேன் என்றான், அதுவும் இயேசு அவன் வீட்டுக்கு வந்த பிறகு. மன்னிப்புக்குக் கொடுத்த விலை அல்ல அது.

கிருபை இருக்கிறதே, பாவம் செய்தால் என்ன என்று கேட்பவர்களுக்குப் பவுல் 'கூடாதே' என்று பதில் சொல்லிவிட்டார். உன் கேள்வி அது இல்லை.

இன்னொன்று. நம் பழைய மொழிபெயர்ப்பில் ரோமர் 8:1, 'ஆவியின்படியே நடக்கிறவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பில்லை', அதாவது தண்டனைத் தீர்ப்பில்லை, என்று முடிகிறது. சரியாக நடக்காத அன்றைக்கு அந்த வரி பயமுறுத்தும். மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் அந்த 'நடக்கிறவர்களுக்கு' 1-ஆம் வசனத்தில் கிடையாது. 4-ஆம் வசனத்தில்தான் வருகிறது. முதல் வசனத்தில் இருப்பது 'கிறிஸ்து இயேசுவுக்குட்பட்டவர்களுக்கு' என்பது மட்டுமே. இன்று ராத்திரி அதை அப்படியே வாசித்துவிட்டு முழங்கால்படியிடு.

அன்புடன்,
அப்பா